மாஸ்டர் காலில் விழுந்தேன்

அன்புள்ள மாரிச்செல்விக்கு,

சீனாவில் சௌக்கியம். வீடியோ காலில் வராததற்குக் காரணம் சிக்னல்தான். எழுத்து கோணலாக இருந்தால் இடது கைப் பயிற்சி என்று வைத்துக்கொள்.

குங்ஃபூ மாஸ்டரைக் கைகுவித்து வணங்கினால் போதும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் நாளே, திருப்புல்லாணிப் பெருமாள் முன் விழுவதுபோல், அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். காலை வாரப் பாய்கிறேன் என்று நினைத்து, மனிதர் என் வலது கையை ஒரே முறுக்காக முறுக்கிவிட்டார். பாவம், இப்போது மூன்று வேளையும் அவரே குச்சியால் நூடுல்ஸ் ஊட்டுகிறார்.

"போறதுன்னா போங்க, கையக் கால ஒடிச்சுக்கிட்டு வந்து இங்கன நிக்காதீக" என்று உச்சிப்புளி ஸ்டேஷனில் நீ கத்தியதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

அடுத்த வாரம் வருகிறேன். வந்ததும் உன் காலில் விழுவேன். நீயாவது அசையாமல் நில்.

இப்படிக்கு,
உன் குங்ஃபூ வீரன்