கழுத்துவரை நிறைந்த டேங்க்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் இருக்கிறாய் என்பதை உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான்கு வருடத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம். மூன்று பக்கம். அதில் இரண்டே முக்கால் பக்கம் உன் பைக்கின் கார்ப்பரேட்டர். அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் அடியில் நெருக்கி எழுதியது: வண்டியை விற்கிற விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாமாம். படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்புதான் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அக்கா ஏன் இப்படி எழுதுகிறாள் என்று நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இருந்தாலும் சொன்ன வேலையைச் செய்தேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஆள் வருவார், அதற்குள் வண்டி கிளம்ப வேண்டும் என்றிருந்தாய். போன வாரம் லீவு நாளில் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவள் நான். அடுத்தவர்கள் குச்சியால்கூடத் தொடாத துணியைக் கையால் பிரித்துப் போடுகிறேன், ஒரு நாளும் குமட்டியதில்லை. உன் வண்டிக்கு முன்னால் குமட்டியது. சீட்டைக் கழற்றினால் ஸ்பாஞ்சைக் காணோம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன், ஸ்பாஞ்ச் முழுவதும் அங்கே எலிக்கூடாகக் கிடந்தது. நடுவில் காய்ந்துபோன நாலு குஞ்சுகள். அதற்கு மேல் நான் விவரிக்கப்போவதில்லை.

பெட்ரோல் டேப்பைத் திறந்து, சோக்கை இழுத்துவிட்டு, பத்து முறை கிக்கரை உதை என்று எழுதியிருந்தாய். டேப் ஏற்கனவே திறந்துதான் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் நீ கோபத்தில் நிறுத்திவிட்டுப் போனபோது மூடவே இல்லை போலிருக்கிறது. பத்து முறை அல்ல, நாற்பது முறை உதைத்தேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. கார்ப்பரேட்டருக்குக் கீழே தொங்குகிற குழாயிலிருந்து மட்டும் காப்பி நிறத்தில் ஏதோ சொட்டியது.

பிறகு உன் இரண்டாம் பக்கத்தின்படி கார்ப்பரேட்டரைக் கழற்றினேன். அடியிலிருக்கும் கிண்ணத்தில் பச்சையும் பழுப்புமாகக் கோந்து. மிதவை அதில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. பெட்ரோல் பீய்ச்சுகிற ஜெட்டின் ஓட்டை அடைத்திருந்தால் ஊசியால் குத்து என்று எழுதியிருந்தாய். குத்தினேன். தையல் ஊசி முனை உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு, தெருமுனை மெக்கானிக்கைப் போய்க் கூட்டிவந்தேன்.

அவரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு கடை வைத்தவர். எதையும் முகர்ந்து பார்த்துத்தான் கை வைப்பார், அதனால் தெருவில் 'மோப்பம்' என்றுதான் பெயர். ஜெட்டைக் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார். "ஊசி போடச் சொன்ன டாக்டர் யாருக்கா?" என்று கேட்டார். ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடுமாம், மெல்லிய செம்புக் கம்பிதான் விட வேண்டுமாம். அந்த ஜெட் இனி ஆகாது, வேறு போட வேண்டும் என்றார். அடுத்து டேங்க் மூடியைத் திறந்து மூக்கை வைத்தவர், அப்படியே நாலு எட்டுப் பின்னால் போனார். "இது பெட்ரோல் இல்லக்கா, வார்னிஷ்."

கிணறு வெட்ட பூதம் புறப்பட்ட கதை அதற்குப் பிறகுதான். மெக்கானிக் மறுபடியும் டேங்கை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். நாலு வருடம் நின்ற வண்டியில் பெட்ரோல் பாதியாவது குறைந்திருக்க வேண்டுமே, இது கழுத்துவரைக்கும் நிற்கிறதே, யார் ஊற்றியது என்று. எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அப்பாவிடம் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "டேங்க் காலியா கெடந்தா துருப்பிடிக்கும்னு அவன்தானே சொன்னான்" என்றார்.

மாதா மாதம் பென்ஷன் வாங்கப் போகிற அன்று, ஒரு சின்னக் கேனை எடுத்துக்கொண்டு பங்க் வரைக்கும் நடந்திருக்கிறார். டேங்கில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு வாங்கிவந்து ஊற்றியிருக்கிறார். வேலை முடிந்து அதே வீட்டுக்கு வருகிற எனக்கு இத்தனை நாள் தெரியாது. கெட்டதன் தலையில் நல்லதை ஊற்றி நல்லதையும் கெடுத்திருக்கிறார். டேப் திறந்தே கிடந்ததால் கார்ப்பரேட்டருக்குள் காயக் காய மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் அவ்வளவு கோந்து என்றார் மெக்கானிக். டேங்கை நிறைத்து வை என்று சொன்ன நீ, டேப்பை மூடு, கார்ப்பரேட்டரை வடித்துவிடு என்றும் சொல்லியிருக்கலாம். அதற்குள் உங்கள் இருவருக்கும் சண்டை வந்துவிட்டது. போகிறவன் திரும்பிப் பார்க்காமல் போ என்று அவர் கத்தினார், நீயும் சொல் தட்டாத பிள்ளையாக அப்படியே போய்விட்டாய். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்தக் கிழவருக்குப் பித்தும் கல்லும் ஒரே உடம்பில். உன் பெயரைச் சொல்ல வாய் வராது, உன் வண்டிக்குப் பெட்ரோல் சுமக்கக் கை வரும். இதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

இனி எழுதப்போவது என்னைப் பற்றி. அப்பா அதோடு விடவில்லை. வண்டியைத் தயார் செய்யச் சொல்லி நீ எழுதினாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் எதற்காக என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நீதான் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டாயே.

மெக்கானிக் மூன்று நாள் வந்தார். இரண்டு வாளி நிறையப் பழைய பெட்ரோலை வடித்தார். டேங்குக்குள் நட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஒட்டியிருந்த கசடை உதிர்த்தார், கார்ப்பரேட்டரைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கழுவினார், புது ஜெட்டும் புது பிளக்கும் போட்டார். நேற்று காலை பத்து மணிக்குக் கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றி, என்னையே உதைக்கச் சொன்னார். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகையைக் கக்கியது, பிறகு சீராக ஓடியது. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தால் வாசல்படியில் அப்பா. இந்த மூன்று வாரமாக முட்டி வீங்கி, பாத்ரூம் போகக்கூட என் தோளைப் பிடிக்கிறவர், தனியாக வந்து நிற்கிறார். முகச்சவரம் செய்திருந்தார். எப்போது செய்தார் என்று தெரியவில்லை, தாடையில் இரண்டு இடத்தில் வெட்டியிருந்தது. சலவைச் சட்டையின் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். "வந்துட்டானா?" என்றார். வண்டியில் உட்கார்ந்திருந்தது நான். மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மெக்கானிக்கே எட்டி எஞ்சினை நிறுத்தினார். அப்பா, "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மதியம் சாப்பிடவில்லை. சட்டையையும் கழற்றவில்லை.

தம்பி, எலிக்குஞ்சை அள்ளிப் போட்ட கையை நாலு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன், போய்விட்டது. நேற்று செய்த காரியத்துக்கு எந்த சோப்பைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி உன்னுடையது, விற்பது உன் இஷ்டம். ஆனால் பிளக்கைக் கழற்றி, சலவைக்கூடத்தில் என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளிடம் வண்டி கிளம்பாது என்றுதான் சொல்வேன். பிளக் வேண்டுமென்றால் நீயே வந்து வாங்கிக்கொள். வண்டியை விற்கப்போகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். திட்டினால் வாங்கிக்கொள். வர முடியாவிட்டால் அவர் பெயருக்கு ஒரு கடிதமாவது போடு, அதில் கார்ப்பரேட்டர் வேண்டாம். இனி எனக்கு இந்த மாதிரி வேலை எதுவும் எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. வந்தால், தெருவிலிருந்தே அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு வா. வண்டிச் சத்தத்தை நம்பி இனி அவர் எழுந்து வர மாட்டார்.

இப்படிக்கு,
உன் அக்கா