வாணி விழாவுக்குப் பிறகு எழும்பாத கணினி

ஒக். 25, திங்கள்
விடியலிலிருந்தே மூடுபனி, தூறல். பஸ் ஒரு மணி பிந்தி.

பள்ளிக்கூடத்தின் ஒரே கணினி எழும்பவில்லை. கறுப்புத் திரை, பாதியில் நின்ற வரிகள். ஏதோ ஒரு வன்வட்டைச் சரிபார்க்க முடியவில்லையாம். வியாழன்வரை நன்றாக ஓடியது.

பள்ளிக்கூட அதிபர், பிள்ளைகள் முன்னால்: "நீங்கதான டீச்சர் எப்பவும் அத நோண்டிக்கிட்டு இருப்பீங்க. இப்ப பாருங்க."

வெள்ளிக்கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். ஓடாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். பத்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஒக். 26
வாங்க: சீனி, சவர்க்காரம், அம்மாவின் மாத்திரை.

இடைவேளையில் சிற்றூழியர் முனியாண்டி, மெதுவாக: "கோவிச்சுக்காதீங்க டீச்சர். வாணி விழா பூஜைக்கு நம்ம அதிபரு பெட்டியத் தொறந்து தூசி தட்டச் சொன்னாரு. உள்ளுக்கும் பொட்டு வச்சோங்க. ஒரு வயரு கழண்டுகிச்சு. தோதான எடத்துல சொருகிட்டேன்."

திறந்தேன். இரண்டாவது வட்டின்மேல் சந்தனம், குங்குமம். பிள்ளைகளின் வேலை எல்லாம் அதில்தான். வயரைப் பிடுங்கியதில் அது முன்பு செருகியிருந்த இடம் உடைந்திருக்கிறது. அங்கே திரும்ப மாட்ட முடியாது. செருகும் இடம் மாறினால் கணினி வட்டுக்குத் தரும் பெயரும் மாறும். கணினி பழைய பெயரிலேயே தேடுகிறது, காணாமல் நிற்கிறது.

அதிபரிடம் சொல்லட்டுமா என்றேன். "வேணாங்க டீச்சர். நான் இன்னும் நெரந்தரமில்லீங்க."

சொல்லவில்லை. பழி என்மேலேயே கிடக்கட்டும்.

ஒக். 27
எந்த வட்டு, என்ன பெயர் என்று தொடங்கும்போது கணினி படிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒரு எழுத்தை மாற்றினால் போதும். மாற்றினேன். சேமிக்க மறுக்கிறது. வாசிக்க மட்டும் அனுமதியாம். நாலு தரம் முயன்றேன்.

ஆசிரியர் அறையில் கணிதம் படிப்பிக்கும் சேர்: "மெக்கானிக்கம்மா, எங்க வூட்டு ரேடியோவும் படுத்துக்கிச்சு!" எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

போன் கடையிலிருந்து கொழும்புக்கு அழைத்து, கணினி படிக்கும் தங்கச்சி மகளிடம் கேட்டேன். "பெரியம்மா, பழுதுல நிக்கிறப்ப வட்டு பூட்டித்தான் கெடக்கும். மொதல்ல எழுதத் தொறந்துவிடுங்க, அப்புறம் மாத்துங்க." ஒற்றை வரிக் கட்டளை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

ஒக். 28
7.40க்கு எழும்பியது. நாற்பத்திரண்டு கோப்புறைகளும் அப்படியே.

அதிபர்: "பூஜ பண்ணது வீண் போகல, பாத்தீங்களா!"

ஒக். 29, வெள்ளி
வெயில்.

அதிகாரி யாழ்ப்பாணத்தவர். பத்து நிமிடம் தட்டிப் பார்த்தார். "வடிவா வேலை செய்யுது. இவ்வளவு நல்ல மெசின் இஞ்ச என்னத்துக்கு, அதிபர்? டவுன் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிக்கிற பிள்ளையள் இருக்கினம்."

பழுதாய் இருந்திருந்தால் என்று கேட்டேன்.

"பழுதெண்டா ஆருக்கம்மா தேவை? இஞ்சயே கிடந்திருக்கும்."

அதிபர் கூரையைப் பார்த்தார்.

கணினியை அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறோம் என்று கையளிப்புக் கடிதம் வேண்டும். தமிழ்த் தட்டச்சு தெரிந்தது எனக்கு மட்டும். அதிபர் சொல்லச் சொல்ல, அதே கணினியில். "'மனமுவந்து'ன்னு ஒன்னு போடுங்க டீச்சர். மரியாதையா இருக்கும்." போட்டேன்.

பிள்ளைகளின் கோப்புறைகளை அழித்துவிட்டுத் தரச் சொன்னார் அதிகாரி. வெளியே வான் வண்டி காத்துக்கொண்டிருந்தது. ஒரே கட்டளையில் முடிகிற வேலை. ஒவ்வொன்றாக அழித்தேன், பெயரை வாசித்து வாசித்து.