நான் காட்டிக்கொடுத்த ஊர்

என் வசந்திக்கு,

நீ போன பிறகு வரும் மூன்றாவது மழைக்காலம் இது. கும்மிடிப்பூண்டியில் உன் மாமனாரின் அரிசி மில்லை இடித்துவிட்டார்கள். நெல் காயப்போட்ட களத்தில் இப்போது ஒரு கம்பெனி ஷெட் நிற்கிறது. உன் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டு நெல்லூர் பக்கம் போய்விட்டார். உன் பெண் மாலா பொதட்டூர்பேட்டையில் உன் அம்மாவிடம் வளர்கிறாள். இனி நான் வாயைத் திறந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுவதை நாலு பேர் படிக்கவும் விடுகிறேன்.

திருவள்ளூர் ஆசிரியப் பயிற்சி விடுதியில் நாம் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்த கையெழுத்துப் பத்திரிகை, படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகும் நிற்கவில்லை. ஒரே ஒரு பிரதிதான். தபாலில் ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் போய்க்கொண்டே இருக்கும். நான் வேப்பம்பட்டுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்குப் போய் அங்கே டீச்சரானாய். நீ கதை எழுதுவாய். கடைசி இரண்டு பக்கம் என் விமர்சனம்.

அந்த நாளில் எனக்கு ஒரே ஆதங்கம். காவிரிக்கரைக்குக் கதை இருக்கிறது, கரிசலுக்கு இருக்கிறது, கொங்குக்கும் இருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லாவின் வடகோடிக்கு மட்டும் ஏன் இல்லை? நம் பேச்சை எழுதுகிறவர்கள் யாரையாவது சிரிக்க வைக்கத்தானே எழுதினார்கள்?

அப்போதுதான் உன் அஞ்சலை கதை வந்தது. மில்லில் நெல் அவிக்கும் தொட்டியிலிருந்து கொதிநீர் கொட்டி, கால் வெந்துபோன கூலிக்காரி. முதலாளி அவளை ஓசைப்படாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். “வெந்தது என் காலு. அவுரு எதுக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீறாரு?” என்று அவள் கேட்கிற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை.

நீ கதையில் ஊர்ப் பெயரே எழுதவில்லை. நான்தான் எழுதினேன். ‘கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி, கேட்டைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் இந்த மில்லின் வாசலில் போய் நிற்கலாம். அவ்வளவு துல்லியம்’ என்று. பாராட்டுகிறேன் என்றுதான் நினைத்தேன். நமக்கும் ஒரு ஊர் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் எனக்கு.

பத்திரிகை சுற்றி முடித்து உன் வீட்டுக்கு வந்தபோது உன் கொழுந்தனார் கட்டைப் பிரித்து என் விமர்சனத்தைப் படித்துவிட்டார். இது எனக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகும் உன் கதைகள் வந்தன. ஒன்றில் ஒரு தெரு. அடுத்ததில் தெரு இல்லை, வீட்டுக் கொல்லை மட்டும். அதற்கும் அடுத்ததில் ஒரு ஜன்னல், எங்கோ போகிற ரயிலின் சத்தம், அவ்வளவுதான். நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘கதாசிரியை இடத்தைக் குறுக்கிக் குறுக்கி ஆழம் தேடுகிறார். தேர்ந்த உத்தி.’ இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, வசந்தி.

உன் பள்ளி விலாசத்துக்குப் போட்ட கார்டு ஒன்று, ‘இவர் வேலையை விட்டு எட்டு மாதமாகிறது’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, விமர்சனம் எழுத நான் நோட்டில் எடுத்து வைத்திருந்த உன் கதைகளை மறுபடி வரிசையாகப் படித்தேன். இடம் குறுகியது உத்தி இல்லை, உன்னை வீட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கூடூர் பாசஞ்சர் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன்.

உன் மாமியார் என்னை நன்றாகத்தான் உபசரித்தார். “வாம்மா, நாஷ்டா துன்னியா?” என்று கேட்டுவிட்டு நம் இருவருக்கும் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டார். காபி எடுக்க அவர் உள்ளே போன அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ பேசினாய்.

“தனக்கா, நீ எழுதனத வச்சித்தான் எந்த மில்லுன்னு கண்டுபுட்சாங்க. வாசப்படி தாண்ட உடல. ஸ்கூலும் போச்சி. கத எழுதினாலும் எங்க ஊட்டுக்காரரு பட்சிப் பாத்துட்டுத்தான் தபால்ல போடறாரு.”

“கெளம்பு. இப்பவே என்னோட வந்துடு.”

“கொயந்தைய உடுவாங்களா?” என்று கேட்டாய். “ஒண்ணு செய்யிக்கா. இந்த மாதிரி மில்லு எங்கியுமே இல்ல, அல்லாம் இவ கட்டுக்கதன்னு எழுது. உன் பக்கத்தத்தான் அவரு மொதல்ல பட்சிக்கினு கீறாரு. நீ சொன்னா பட்சிக்கிறவங்க நம்புவாங்க, அவருக்கும் பயம் போயிடும்.”

“பொய் எழுதச் சொல்றியா?”

“நெசத்த எழுதித்தானேக்கா இங்க குந்திகினு கீறேன்?”

மாமியார் டம்ளரோடு வந்தார். “இன்னா, ரெண்டு பேரும் ரகசியம்?”

“ஒண்ணும் இல்ல அத்த. கதைதான்,” என்றாய்.

எழுதினேன். ‘இந்தக் கதாசிரியைக்கு ஊர் பார்க்கும் கண் இல்லை. பொதட்டூர்பேட்டைப் பெண்ணுக்குக் கும்மிடிப்பூண்டி தெரியாது. இவர் காட்டும் மில் பூமியில் எங்கும் இல்லை, பேச்சும் இட்டுக்கட்டியது. முன்பு நான் எழுதியது தவறு.’ ஒவ்வொரு வரியையும் நம்பும்படி எழுத வேண்டியிருந்தது. நன்றாகவே எழுதிவிட்டேன். அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது உன்னை மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள்.

ஆனால் நீ அப்புறம் ஒரு கதைகூட எழுதவில்லை. பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தபோது கேட்டேன். “எதப் பாத்தாலும், இத எழுதினா எந்த ஊடுன்னு கண்டுபுட்சிடுவாங்களோன்னுதான்க்கா மொதல்ல தோணுது,” என்றாய். பஸ் வந்துவிட்டது. உன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள், நீ வெளியே வந்தாயா, இல்லையா? இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன மறு வருஷம், திருவள்ளூர் நூலகத்தில் ஒரு கூட்டம். வட்டார இலக்கியம் பற்றி ஒருவர் பேசினார். நம் பத்திரிகை எப்படியோ அவர் கைக்குப் போயிருக்கிறது. “வடகோடியில் ஒரு அம்மாள் முயன்றார். ஆனால் அது பொய்யான ஊர் என்று அவர் தோழியே எழுதிவிட்டார்,” என்றார். ஜனங்கள் தலையாட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்று மில் இருந்தது. மாலாவும் அந்த வீட்டில்தான் இருந்தாள். என் பொய்க்குள் நானே அடைபட்டு, வாயைத் திறக்காமல் எழுந்து வந்தேன்.

அன்றைக்கு நான் எழுத மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உனக்குக் கதை மிஞ்சியிருக்குமா? இல்லை, ஜன்னலும் போயிருக்குமா?

அந்த நோட்டிலிருந்து உன் கதைகளை இப்போது படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். அச்சில் கொண்டுவரப்போகிறேன், இது சத்தியம். என் விமர்சனங்களையும் ஒரு எழுத்து விடாமல் சேர்ப்பேன். கடைசி விமர்சனத்தின் கீழே, ‘இது பொய். தெரிந்தே எழுதினேன். இதற்காகத்தான் எழுதினேன்’ என்று முழுக் காரணத்தையும் என் பெயர் போட்டு எழுதுவேன். முதல் பிரதியை நானே மாலா கையில் கொடுப்பேன். அவள் அம்மாவுக்கு ஊர் தெரியாது என்று இனி யாரும் அவளிடம் சொல்ல முடியாது.

உன் கூடப் பிறக்காத அக்கா,
தனம்