மாடு தின்னாத புல்லுக்குப் பசளை

என் செல்ல அண்ணா,

இந்த வருசமும் புல்லுக்குப் பசளை போட்டாயிற்று. கெல்சென்கிர்ச்சனில் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. நீங்கள் கண்மூடியபின் வரும் முதல் இலையுதிர்காலம். ஒரு கையில் வாளி, மற்றக் கையால் வீச்சு. பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

மூன்று வருசத்துக்கு முன், இந்த ஜெர்மனியில் அகதி முகாமை விட்டு வெளியே வர எத்தனை வீட்டுப் படி ஏறினோம்! கடைசியில் இந்த வீட்டுக்கார அம்மாதான் மேல்மாடியைத் தந்தார். குளிர்காலம் முடியும்வரை இருக்கலாம், தோட்டத்தை ஒழுங்காகப் பார்த்தால் பிறகு யோசிப்பேன் என்றார்.

முதல் வேலையே புல்தரைக்குப் பசளை. "மாடு தின்னாத புல்லுக்குப் பசளையாம்! உவையளுக்கு விசர்" என்று சொல்லிச் சொல்லியே தூவினீர்கள். இது இலைக்கில்லை, வேர் குளிரைத் தாங்குவதற்கு என்று அந்த அம்மா விளக்கினார். இரண்டு கிழமையாகியும் புல் அப்படியே கிடந்தது. யூரியா போட்டதும் மிளகாய்க் கன்று கருகருவென்று நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்குப் பொறுக்குமா? நீங்கள் வேலைக்குப் போன நேரம், கொட்டிலில் மிச்சமிருந்த, வசந்தகாலத்தில் இலை வளரப் போடும் பசளையை அள்ளிப் பாதிப் புல்தரைக்கு வீசிவிட்டேன்.

ஐயோ, என்ன பச்சை! கார்த்திகைக் குளிரிலும் அந்தப் பாதி பளபளத்தது. "பார்த்தியே, என்ர கைராசி!" என்று நெஞ்சை நிமிர்த்தினீர்கள். நான் வெறும் பையைக் கொட்டிலின் மூலைக்குள் தள்ளிவிட்டேன்.

பனி கரைந்தபோது, குளிருக்கு முன் கொழுத்து வளர்ந்த அந்தப் பாதிதான் பனிக்கடியில் அழுகி, வட்ட வட்டமாக வழுக்கை விழுந்து கிடந்தது. வீடு போச்சு என்றே நினைத்தேன். கொட்டிலில் கிடந்த வெறும் பையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "நீ பேசாமல் நில்லு" என்றுவிட்டு, அரைகுறை ஜெர்மனில் பிழை முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள்.

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "கெடுத்தவனே வளர்த்துத் தரவேண்டும். முழுதாக முளைக்கும்வரை இரண்டு பேரும் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது!" என்றார்.

படியேறும்போது என் காதுக்குள் சொன்னீர்களே, "பிள்ளை, இன்னும் கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்!"

நேற்று அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "தெரியும். நீ வீசியதை யன்னலால் பார்த்தேன், எந்தப் பை என்றுதான் அப்போது தெரியவில்லை" என்றார். "தங்கைக்காக அப்படிப் பொய் சொன்னவனை எப்படி வெளியே அனுப்புவது?" இரண்டு பேரும் சிரித்து, பிறகு அழுதோம். உங்களுக்கு நான் ஒருநாளாவது நன்றி சொன்னேனா, அண்ணா?

புல் இப்போது எல்லா இடமும் முளைத்துவிட்டது, கொட்டிலுக்குப் பக்கத்தில் கையகல வழுக்கை ஒன்றைத் தவிர. அதற்கு மட்டும் நான் பசளை போடவில்லை. இனியும் போடமாட்டேன், இது சத்தியம். அந்த அம்மாவும் ஏனென்று கேட்பதில்லை. அதுவும் முளைத்துவிட்டால் நீங்களும் நானும் இந்த வீட்டை விட்டுப் போகவேண்டி வந்துவிடுமே.

நீங்கள் பழி சுமந்து காப்பாற்றிய
உங்கள் பொறுமையில்லாத தங்கச்சி