மேல் தட்டில் எரிந்த மெழுகுவர்த்தி

ஜூலை 6
போஹுஷ் இன்று முழுக்க என்னிடம் பேசியது நான்கே வார்த்தை. எண்ணிவிட்டேன். "உப்பு எங்க?" "தூங்கலாம் வா." முப்பத்தோரு வருடம் சரக்கு ரயிலைத் தனியாக ஓட்டிய மனுஷன், ஓய்வு பெற்றும் அப்படியே இருக்கிறான். ஆனால் நிலவறையில் பீர் காய்ச்சும்போது முணுமுணுப்பது கேட்கிறது. பீரிடம் மட்டும் பேச்சு வருகிறது.

ஜூலை 10
பதினெட்டாம் தேதி என் பெயர் நாள். எங்கள் காலண்டரில் தேதிக்கு ஒரு பெயர், அன்று 'ட்ராஹொமீரா' என்று போட்டிருக்கும். விருந்துக்குப் பாதித் தெரு வந்துவிடும். இந்தத் தடவை பாட்டில் இல்லையாம், பீப்பாயாம். அதிலிருந்து பீரைத் தள்ளக் கரியமில வாயு சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் வாங்கி, குளிர்ச்சிக்காக நிலவறையில் இறக்கிவிட்டான்.

கரியமில வாயு கசிந்தால் தரையில் தங்கும் என்றேன். நான் திராட்சைத் தோட்டத்து ஊர்க்காரி. ஒயின் பொங்கும் மாதத்தில் எரியும் மெழுகுவர்த்தி இல்லாமல் அப்பா நிலவறைப் படி இறங்க மாட்டார். சுடர் அணைந்தால் ஒரே ஓட்டம். அதனால் நானும் ஒன்று ஏற்றிக் கொடுத்தேன். கீழே வைத்தால் காலால் தட்டிவிடுவான் என்று ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில், அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன்.

ஜூலை 14
சுடர் நன்றாக எரிகிறது. நிம்மதி.

ஜூலை 17
நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஒரு வாரத்துக்குள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று காலையில் புதிதை மாட்டினான். ஏன் தீர்ந்தது என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மதியம் மறுபடி இறங்கி, மண்டியிட்டுக் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தான். நான் மேலே வெங்காயம் உரித்தேன். முணுமுணுப்பு நின்றது.

படியிலிருந்து பார்த்தால் பீப்பாய் அருகே கிடக்கிறான். மெழுகுவர்த்தி எரிகிறது. ரெண்டு படி இறங்கிட்டேன்— பெஞ்சு கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஹினெக் பின்னாலிருந்து என்னைப் பிடித்து இழுத்தான். ஊர்த் தீயணைப்புக் குழுவில் இருப்பவன்.

"நீங்களும் இறங்கினா நான் ரெண்டு பேரைத் தூக்கணும், அக்கா."

நிலவறை ஜன்னலை உடைத்துவிட்டு, எதிரே இருக்கும் தீயணைப்புக் கொட்டகைக்கு மூச்சுக்காற்று முகமூடி எடுக்க ஓடினான். நான் வாசலில் நின்று போஹுஷ் போஹுஷ் என்று கத்தினேன். சும்மா நின்னேன். புருஷன் கீழே கிடக்க, சும்மா நின்னேன். அந்தச் சுடர் அசையாமல் எரிந்துகொண்டே இருந்தது.

ஜூலை 18
மருத்துவமனை. ஹினெக் முகமூடி போட்டு இறங்கித் தூக்கி வந்த மனுஷன் கண் திறந்துவிட்டான். தலை வலிக்கிறதாம், வலிக்கட்டும்! என் பெயர் நாள் கேக்கை நர்சுகள் சாப்பிட்டார்கள்.

ரெகுலேட்டரில் இருக்க வேண்டிய வாஷரே இல்லையாம், ஹினெக் சொன்னான். விரிசல் விட்டு, பழைய சிலிண்டரின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீர் தடவியிருந்தால் குமிழி வந்து காட்டிக்கொடுத்திருக்கும். அது போஹுஷ் தப்பு. அப்பா சுடரை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு போவார். நான் மேல் தட்டில் வைத்தேன். அது என் தப்பு. கீழே வைத்திருந்தாலும் நம்ப முடியாதாம், சுடர் அணைவதற்கு முன்பே ஆள் விழுந்துவிடுவானாம்.

என்னால்தான் என்று போஹுஷிடம் சொல்லி அழுதேன். என் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 3
எல்லாம் தோட்டத்துக் கொட்டகைக்கு வந்துவிட்டது. சிலிண்டர் சுவரோடு சங்கிலி போட்டு நிமிர்ந்து நிற்கிறது. முழங்கால் உயரத்தில் வாயு அலாரம். சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் என் பொறுப்பு.

ஹினெக் ஒரு கட்டளையும் போட்டிருக்கிறான். ஒருவர் உள்ளே வேலை செய்தால் இன்னொருவர் திறந்த கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் உள்ளே ஓடாமல் அவனைக் கூப்பிட வேண்டும். போஹுஷின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு."

ஆகஸ்ட் 9
ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாக ஒப்பித்தான். போக நாற்பத்திரண்டு, வர நாற்பத்திரண்டு.

ஆகஸ்ட் 24
இன்று பீப்பாய் மாற்றும்போது நிலையங்கள் பாதியிலேயே நின்றன. ஹினெக்கைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

"அன்னிக்கு நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சு, ட்ராஹா," என்றான். "பதில் சொல்லத்தான் முடியல. அதான் இப்பச் சொல்றேன்."

பிறகு என்னென்னவோ சொன்னான். எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். வாஷர் சரியாக இருந்தது, குமிழி இல்லை, அலாரமும் கத்தவில்லை. வேலை முடிந்து கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியும் உள்ளேயே நின்று பேசிக்கொண்டிருந்தான். நானும் கிண்ணத்தைப் பிடித்தபடி வெளியே நின்றேன். முடிந்ததா என்று கேட்கவில்லை.