நொச்சி சேர்க்காத தூள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கியதும் வழக்கமான இரும்பாலைப் புகை. கல்லூரி லேபில் அதைவிட மோசம். நொச்சி இலை கொதிக்கிறது. என் மாணவி ஷபானாவின் பிஎச்.டி. வேலை: நொச்சிச் சாறு சேர்த்து கோபால்ட் ஃபெரைட் நானோதூள். சாயத் தண்ணீரில் போட்டால் தூள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு காந்தம் காட்டித் தூளை வெளியே இழுத்துவிடலாம். தூள் நல்ல தூள்தான். இலை எதற்கென்றுதான் புரியவில்லை.

எங்கள் துறையில் இதுவரை வெந்தவை: முருங்கை, வேம்பு, துளசி, செம்பருத்தி, கொய்யா. தூள் எல்லாம் ஒன்றே. இலைக்கு ஒரு கட்டுரை, கட்டுரைக்கு ஒரு எச்.ஓ.டி. பெயர், தலைப்பில் "பசுமை முறை". விட்டால் வாழையிலை போட்டுப் பந்தியும் வைத்துவிடுவார்.

வாங்க வேண்டியது: பால், அப்பளம், ஃபினாயில்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர், "ஜலதோஷமா? ஆவி புடிச்சியா?" தலைக்குக் குளித்தும் வாடை போகவில்லை. ரசம் இறங்கவில்லை.

13, புதன்

லேப் வாசலிலேயே ஷபானா. கையில், சென்னை லேபுக்கு அனுப்பிய தூளின் சோதனை முடிவுகள்.

"மேடம், திட்டாதீங்க. இலையே போடாம ஒன்னு செஞ்சேன். வெறும் தண்ணி. அதையும் சேத்து அனுப்பிட்டேன்."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துகள் அளவு அதே. காந்தம் இழுப்பதும் அதே. சாயம் எடுப்பதில் வெறும் தண்ணீர்த் தூள் கொஞ்சம் மேல்.

"அப்ப இலை இன்னாதான் மேடம் பண்ணுது?"

"நாத்தம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த லேபில் உண்மையாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறோம். சந்தோஷமாக இருந்தது, மதியம் வரை.

மதியம் எச்.ஓ.டி. அறை. முடிவுகளைக் காட்டினேன். முறுக்கு தின்றுகொண்டே கேட்டார்.

"இலைய எடுத்துட்டா தலைப்புல இன்னாம்மா மிஞ்சும்? முன்னாடி போட்ட பேப்பருங்க கதி? திங்கக்கெழம ரிவ்யூ, வெளியிலேர்ந்து புரொபசர் வர்றாரு. அந்தப் பொண்ணு இந்த வருஷம் முடிக்கணுமா, வேணாமா? நீயே சொல்லு."

சட்டையெல்லாம் முறுக்குத் தூள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. காகிதத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்துவிட்டேன் என்பதும் அருவருப்புதான்.

14, வியாழன்

மழை. ரயில் தாமதம். செருப்பு அறுந்தது.

ஷபானாவிடம் எச்.ஓ.டி. சொன்னதைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. அவள் அப்பாவுக்குப் பழவேற்காட்டில் இறால் வியாபாரம். "இந்த வருஷத்தோட போதும்னுட்டாரு மேடம் வாப்பா. ரிவ்யூ தள்ளிப் போச்சுன்னா அவ்ளோதான். ஊட்லயே குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்."

யோசித்து ஒரு வழி சொன்னேன். "வெறும் தண்ணி ரிசல்ட்ட ஸ்லைடுலேர்ந்து மட்டும் எடுத்துடு. யாராவது கேட்டா மறைக்காத, சொல்லிடு."

பொய்யும் இல்லை, வம்பும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

17, ஞாயிறு

தலைவலி. ஃபேன் துடைத்தேன், கறுப்பு கறுப்பாக வந்தது. பொன்னேரியில் எங்கள் வீடு வரைக்கும் அந்த இரும்பாலைப் புகை வருகிறதா என்ன? யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

நாளைக்கு யாரும் கேட்கமாட்டார்கள். இதுவரை எந்த ரிவ்யூவிலும் யாரும் எதையும் கேட்டதில்லை. வருவார்கள், பக்கோடா சாப்பிடுவார்கள், சால்வை வாங்கிக்கொண்டு போவார்கள்.

18, திங்கள்

கேட்டுவிட்டார்.

ஷபானா நன்றாகத்தான் பேசினாள். குடுவையில் நீலத் தண்ணீர், காந்தம் வைத்ததும் தூள் ஓரம் ஒதுங்கித் தண்ணீர் தெளிந்தது. எல்லோருக்கும் குஷி. வெளியிலிருந்து வந்த புரொபசர் மட்டும் பேனாவை மூடாமல், "ஒரு தடவையாவது இலைச்சாறு இல்லாம செஞ்சு பாத்தியாம்மா?"

ஷபானா என்னைப் பார்த்தாள். எச்.ஓ.டி.யும் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"இல்ல சார். அடுத்த கட்டத்துல செய்யறதா இருக்கோம்" என்றாள் ஷபானா.

"வெரி குட்" என்று குறித்துக்கொண்டார். எச்.ஓ.டி. கை தட்டினார். பக்கோடா தட்டு சுற்றி வந்தது. நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாடிப்படியில் பின்னாலேயே ஓடி வந்தாள். "மேடம், கரெக்டா சொன்னனா?"

பயம் இல்லை. கிண்டலும் இல்லை. கணக்குக்கு விடை சரிதானா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். யாரும் சொல்லாமலே வெறும் தண்ணீரில் செய்து பார்த்து, போன வாரம்தான் முடிவோடு வந்து நின்றவள்.

அருவருப்பாக இருக்கிறது. எச்.ஓ.டி. மேல் இல்லை.

"நீ கரெக்டாத்தான் சொன்னே" என்றேன். நாக்குக் கூசவே இல்லை.