பாராசிட்டமால் மட்டும்

தைபே
3 ஆகஸ்ட் 2002

போலினுக்கு,

தொலைபேசியில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

நாம் பிரிந்தபின் நம் மகள் நிங் உங்களிடம் தங்குவது இதுதான் முதல் முறை. காவோசியுங்கில் டெங்கு பரவுகிறதாம். காய்ச்சல் வந்தால் அவள் பையிலுள்ள பாராசிட்டமால் மட்டும், அவள் எடைக்கு மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். உங்கள் அக்கா தன் மருந்துக் கடையிலிருந்து வேறு மருந்தை எடுத்து நீட்டுவார். வழக்கம்போல் தலையாட்டிவிடாதீர்கள்.

சியூயா


காவோசியுங்
25 ஆகஸ்ட்

அன்புள்ள சியூயா,

நிங் நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று மீன் கஞ்சியை வழித்துக் குடித்தாள்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது அக்காவும் கூடவே இருந்ததால் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். முதல் நாள் பாராசிட்டமால் கொடுத்தும் காய்ச்சல் சற்றுத் தணிந்து மறுபடி ஏறியது. அக்கா ஐபுப்ரோஃபென் சிரப்போடு வந்துவிட்டாள்.

"புள்ள அனலா கொதிக்குது, பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே! இதக் குடுடா, சட்டுனு எறங்கும்."

"டெங்கு இல்லன்னு தெரியிற வரைக்கும் வேணாம்க்கா."

"விட்டுட்டுப் போனவளுக்கு இன்னுமாடா பயப்படுற?"

"டாக்டர் பாக்கட்டும். நீ கெளம்பு."

அக்காவை நான் கிளம்பச் சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. உடனே நிங்கைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டெங்குதான் என்று சேர்த்துக்கொண்டார்கள். சில நாளில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஈறில் ரத்தம் கசிந்தது. அப்போது டாக்டர், "ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நல்லவேளை. குடுத்திருந்தா ரத்தத்த நிறுத்துறது கஷ்டமாப் போயிருக்கும்" என்றார்.

நீ ரயிலேறியதும் நிங், "அம்மா இங்கயே இருக்கலாம்ல?" என்று கேட்டாள். எனக்கும் அந்த ஆசை உண்டு.

உன்
போலின்


தைபே
2 செப்டம்பர்

அன்புள்ள போலின்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அக்காவிடம் நீங்கள் அப்படிப் பேசியதை நம்பவே முடியவில்லை. நாம் சேர்ந்திருந்த காலத்தில் ஒரு நாளாவது பேசியிருக்கலாம். போகட்டும்.

ஒசாகாவில் எனக்கு ஒரு வேலை வந்தது. நிங்கை உங்களிடம் விடப் பயந்து வேண்டாமென்றிருந்தேன். மறுபடி கேட்டார்கள். நேற்று ஒப்புக்கொண்டேன். அவள் உங்களுடனேயே இருக்கட்டும். பள்ளியில் சேருங்கள். விடுமுறைக்கெல்லாம் அவளைப் பார்க்க வருவேன். தங்குவதற்கு வேறிடம் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களை முழுதாக நம்பித்தான் போகிறேன். முடியை இறுக்கிப் பின்னாதீர்கள், அழுவாள்.

சியூயா